காயாத கல்லுக்கு அடித்த சீலர்

நீச்சல் குளத்தைச் சுற்றித் தரையில் பாவியிருந்த பேவர் கற்கள் அன்று காயவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவற்றின் மேல் சீலர் பூச்சு அடித்தேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். போகப்போக வேறு மாதிரி சொல்லத் தோன்றும். ஒரு தடவை அப்படி வேறு மாதிரி சொன்ன ஒரு காகிதத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

திருவிடந்தையைத் தாண்டி, ஈ.சி.ஆர். சாலையிலிருந்து கடல் பக்கம் பிரியும் ஒரு மண்பாதையின் கடைசியில் அந்த விடுதி இருந்தது. பதினெட்டு அறைகள், ஒரு குளம், கல்யாண வரவேற்பு நடத்த ஒரு புல்வெளி. வாசலிலிருந்து குளம் வரைக்கும், குளத்தைச் சுற்றியும், அங்கிருந்து புல்வெளிக்கும் சாம்பல் நிறப் பேவர் கல் பாவியிருந்தார்கள். அங்கே ஆறு வருடம் மெயிண்டனன்ஸ் சூப்பர்வைசராக வேலை பார்த்தேன். பெயர்தான் சூப்பர்வைசர். எனக்குக் கீழே ஒரே ஒரு பிளம்பர், அவரும் வாரத்தில் மூன்று நாள்தான் வருவார். பம்பு, குழாய், பெயிண்ட், கல் எல்லாம் என் கை வேலை. ஆனாலும் சட்டைப் பைக்கு மேலே அந்தப் பதவியை நூலால் தைத்திருந்தார்கள். என் அப்பா அடுத்தவர் வயலில் அறுப்புக்குப் போனவர். எங்கள் குடும்பத்தில் பதவி தைத்த சட்டை போட்ட முதல் ஆள் நான். என் மனைவி அந்தச் சட்டைகளை மற்றத் துணிகளோடு சேர்த்து ஊறவைக்க மாட்டாள்.

அந்த வேலை காலியாக இருப்பதை எனக்குச் சொன்னவர் அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் காலனியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர். நான் சொல்லப்போகும் வருடத்தில் அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. ஒரே மகளைப் புதுப்பட்டினத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். விடுதியில் வெளிப்புறம் முழுக்க அக்காவின் பொறுப்பு. பெருக்குவது, குளத்தில் விழுந்த இலையை வலையால் அள்ளுவது, கல்லுக்கு நடுவே முளைக்கும் புல்லைப் பிடுங்குவது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எல்லார் முன்னாலும் என்னை “சார்” என்று கூப்பிட்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. தனியாக இருக்கும்போது எப்போதும் போல “தம்பி”தான்.

கடலோரத்தில் பேவர் கல்லைப் பார்த்துக்கொள்வது ஓயாத வேலை. சித்திரை, வைகாசியில் வெறுங்காலை வைக்க முடியாது. கல் அப்படிக் கொதிக்கும். நிறம் வெளுக்கும். காற்றில் வரும் உப்பு படிந்து மேலே வெள்ளையாகப் பூக்கும். எறும்புகள் இடுக்கில் இருக்கும் மணலைக் குருணை குருணையாக மேலே தள்ளிவிடும், அடியில் வெற்றிடம் விழுந்து கல் ஆட ஆரம்பிக்கும். மழைக்காலம் வந்தால் நிழல் விழும் பக்கமெல்லாம் பாசி. வருடத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால், பிரஷர் பம்பால் அடித்துக் கழுவி, இடுக்குகளில் புது மணல் கூட்டி, நன்றாகக் காயவிட்டு, சீலர் பூச வேண்டும். சீலர் என்பது தண்ணீர் மாதிரி ஒரு பூச்சு. கல்லுக்குள் மழைத் தண்ணீரும் உப்பும் இறங்காமல் அது தடுக்கும். நாங்கள் வழக்கமாகப் போட்டது கல்லுக்குள் ஊறிப் போகிற வகை. பூசிய சுவடே தெரியாது. கால் வழுக்காது.

அக்கா இரும்பு அறுக்கும் ஒரு பழைய ஹாக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றி வைத்துக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு இடுக்காகச் சுரண்டிக்கொண்டு போவார். குளத்தைச் சுற்றி ஒரு சுற்று முடிக்க நான்கு நாள் ஆகும். முடிக்கும்போது ஆரம்பித்த இடத்தில் மறுபடி புல் எட்டிப் பார்க்கும். எந்தக் கல் ஆடுகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். மழை நாளில் செருப்பைக் கழற்றிப் பம்பு ரூம் வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் நடப்பார். ஈரத்தில் ரப்பர் செருப்பு வாரிவிடும் என்று அவருக்குப் பயம்.

அந்த வருடம் புது மேனேஜர் வந்தார். முப்பது வயது இருக்கும். வேறு ஊரில் பெரிய ஓட்டலில் வேலை பார்த்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வேலைக்காரர்களுக்குக் காலை நாஸ்தா ஒழுங்காக வர ஏற்பாடு செய்தவர் அவர்தான். ஆனால் எங்கள் கல்லைப் பார்த்தால் அவருக்குப் பிடிக்கவில்லை. கைபேசியில் ஏதோ வெளிநாட்டு விடுதியின் படத்தைக் காட்டி, கல் எப்போதும் நனைந்தது போலப் பளபளப்பாக இருக்க வேண்டும் என்றார். அவரே வேறு ஒரு சீலரை வரவழைத்தார். கல்லின் மேலே கண்ணாடி மாதிரி ஒரு படலமாக நிற்கிற வகை அது. கூடவே ஒரு பொட்டலத்தில் வெள்ளைத் தூள் வந்தது. கால் வழுக்காமல் இருக்க அதைக் கலந்து அடிக்க வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. கலந்தால் பளபளப்பு மங்கிவிடும் என்று அவர் அதை ஓரமாக வைக்கச் சொன்னார். நானும் வைத்தேன்.

ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை. புதன்கிழமை காலையில்தான் வெயிலைப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை மாலை புல்வெளியில் ஒரு கல்யாண வரவேற்பு இருந்தது. அதற்குள் சீலர் அடித்து முடிக்க வேண்டும் என்றார் மேனேஜர். இன்னும் ஒரு வாரமாவது வெயில் வேண்டும் என்று நான் சொன்னேன். மேலே காய்ந்துதானே இருக்கிறது என்று ஷூ காலால் கல்லைத் தட்டிக் காட்டினார். அடியில் இருக்கும் மணல் படுக்கை மழைத் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும், அந்த ஈரம் மேலே ஏறி வரும்போது படலம் வழியை அடைத்துவிடும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, ஏதாவது சோதனை இருக்கிறதா, இருந்தால் செய்து பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள் என்றார்.

சோதனை இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளைச் சதுரமாக வெட்டி, குளக்கரையில் மூன்று இடத்தில் கல்லின் மேல் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டினேன். மறுநாள் காலையில் தாளின் உள்பக்கம் நீர் கோத்திருந்தால் கல் காயவில்லை என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன். மூன்று தாளிலும் உள்பக்கம் வியர்த்திருந்தது. ஒன்றில் துளிகள் சேர்ந்து ஒரு ஓரமாக வழிந்து நின்றன. அக்கா துடைப்பத்தோடு வந்து பக்கத்தில் நின்றார். குனிந்து புறங்கையைக் கல்லின் மேல் வைத்துப் பார்த்தார்.

“தம்பி, இது காயல. உள்ள ஈரம் நின்னுகினு கீது.”

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சா அந்தாளாண்ட சொல்லு. நீ சொன்னாதான் கேப்பாரு.”

சொல்கிறேன் என்றேன். அவர் புல்வெளிப் பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் படியில் இறங்கி வருவது தெரிந்தது. நான் உட்கார்ந்து டேப்பைக் கிழித்தேன். தாளைப் பேண்ட்டில் தேய்த்துத் துடைத்தேன். மூன்றையும் துடைத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

அவர் வந்து, என்ன ஆச்சு என்று கேட்டார்.

“ஓகே சார். அடிச்சிடலாம்.”

ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். அந்த மாதம் ஒரு மீட்டிங்கில், மெயிண்டனன்ஸை வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டால் என்ன என்று அவர் பொதுவாகப் பேசியிருந்தார். அந்தப் பயம் இருந்தது. ஆனால் பயம் மட்டும் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அவர் என்னிடம்தான் முடிவை விட்டிருந்தார். முடியாது என்று நான் சொல்லியிருந்தால் முகம் சுளித்துவிட்டு ஒத்துக்கொண்டிருக்கக்கூடும். பதவியில் இருக்கும் ஒருவரிடம் பதவிச் சட்டை போட்ட இன்னொருவனாக நின்று, முடியும் என்று சொல்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. இதை எழுதவே நாக்கு கசக்கிறது.

பத்து மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடித்தேன். ரோலரில் தோய்த்து, ஒரே சீராக, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பூச்சு. வாடை தலையைச் சுற்றியது. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது கற்கள் கருகருவென்று மின்னின. வானம் அதில் தெரிந்தது. சமையல்கட்டிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மேனேஜர் படம் எடுத்தார். என் தோளைத் தட்டினார். அன்று நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

சனிக்கிழமை மத்தியானம் வெயில் ஏறியதும் கல்லில் அங்கங்கே வெள்ளை கிளம்பியது. நீர்த்த பாலைக் கொட்டிய மாதிரி. அடியிலிருந்து ஏறிய ஈரம் படலத்தில் முட்டி நின்றுவிட்டது. மேனேஜர் வந்து கல்லையும் என்னையும் பார்த்தார். பூந்தொட்டிகளைக் கொண்டுவந்து பெரிய வெள்ளைத் திட்டுகளின் மேல் வைக்கச் சொன்னார். வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது தூறல். ஆறரை மணி இருக்கும். நான் பம்பு ரூம் வாசலில் நின்று ஃபில்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா வந்தார். தூறலைப் பார்த்ததும் வழக்கம் போலச் செருப்பை என் பக்கத்தில் கழற்றிவிட்டார். வரவேற்புக்கு ஆட்கள் வருவதற்குள் குளத்தில் இலை இல்லாமல் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வலையை எடுத்துக்கொண்டு போனார். அரை பக்கெட் இலை அள்ளியிருப்பார். அதைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது இரண்டு காலும் ஒன்றாகப் பக்கவாட்டில் போயின. இடுப்பு முதலில் கல்லில் விழுந்தது. தேங்காய் மட்டையைக் கீழே போட்டது போல ஒரு சத்தம். அவர் கத்தவில்லை. “அம்மா” என்று ஒரு தடவை, வாய்க்குள் சொன்னார்.

நான் ஓடினேன். ஓடியவன் அதே கல்லில் வழுக்கி முட்டி தேய விழுந்தேன். மீதித் தூரத்தைத் தவழ்ந்துதான் போனேன். அக்காவின் வலது கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. சும்மா படுத்திருப்பவருடைய கால் அப்படிக் கிடக்காது. தூக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆனது. அதுவரை மேனேஜர் குடை பிடித்துக்கொண்டு அக்காவின் தலைமாட்டில் நின்றார். தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினார். அதையும் சொல்ல வேண்டும். ஸ்ட்ரெச்சரை ஏற்றிக் கதவைச் சாத்திய பிறகுதான் என்னிடம் கேட்டார், அவருடைய செருப்பு எங்கே என்று. பம்பு ரூம் வாசலில் இருக்கிறது என்றேன். கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்து கொடுத்தேன். குதிகால் பக்கம் தேய்ந்து காகிதமாகியிருந்த நீலச் செருப்பு. கல்லின் மேல் வைத்து, மேலேயும் அடியிலும் படம் எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை வரவேற்பு நடந்தது. குளக்கரை முழுக்கப் பச்சைக் கம்பளம் விரித்தோம். விரித்ததில் நானும் ஒருவன்.

திங்கட்கிழமை மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். ஒரு பக்க அறிக்கை, இங்கிலீஷில் டைப் செய்தது. தமிழில் சொன்னார். பணியாளர் தேய்ந்த செருப்பு அணிந்து வந்தார், தரை ஈரமாக இருக்கிறது என்று எச்சரித்தும் கவனக்குறைவாக நடந்தார், கால் வழுக்கி விழுந்தார். கீழே சாட்சி என்று என் பெயர் போட்டிருந்தது. அவர் வெறுங்காலோடு இருந்தாரே சார் என்றேன். மேனேஜர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“நல்லா யோசிங்க. செருப்பு இல்லேன்னா, கல்லு ஏன் வழுக்குச்சுன்னு கேப்பாங்க. கல்லுக்கு யார் அடிச்சாங்கன்னு கேப்பாங்க. காஞ்சிருக்குன்னு சொன்னது யாருன்னும் கேப்பாங்க.”

பேனாவை என் பக்கம் திருப்பி வைத்தார். கையெழுத்துப் போட்டேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு இடுப்பு எலும்பு முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். ஆபரேஷன் செய்தார்கள். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அவருக்குச் சர்க்கரை இருந்தது, புண் ஆறவில்லை. நான் போனபோது மகள் பக்கத்தில் உட்கார்ந்து இளநீரை ஸ்பூனில் ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“அண்ணா, நீ அங்க இருக்கசொல்ல விழுந்துச்சே, அதுவே பெரிசு. இல்லேன்னா யாரு பாத்திருப்பாங்க?”

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்தவன், டீயை வாங்கி ஆஸ்பத்திரி வேலையாள் ஒருவர் கையில் கொடுத்தனுப்பிவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். மனைவி என்னைப் பார்த்ததும் என்னவென்று கேட்டாள். அக்காவுக்கு ரொம்ப முடியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து அக்காவைப் புதுப்பட்டினத்தில் மகள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒரே அறையும் சமையல்கட்டும் உள்ள வீடு. அறையில் பாதியைக் கட்டில் அடைத்துக்கொண்டது. மகள் மருந்துக் கடை வேலையைப் பாதி நாளாகக் குறைத்துக்கொண்டாள். நான் ஞாயிறுதோறும் போனேன். பழம் கொண்டுபோவேன். மழை, கடல், ஊர் விஷயம் பேசிவிட்டு வருவேன். ஒவ்வொரு வாரமும் அக்கா இன்னும் கொஞ்சம் சின்னதாகியிருப்பார். முதுகில் படுக்கைப் புண் வந்தது. அவரைப் புரட்டும்போது மகள் என்னை வெளியே போகச் சொல்வாள். வெளியே நின்றால் உள்ளே அக்கா பல்லைக் கடிப்பது கேட்கும்.

நான்காவது ஞாயிறோ ஐந்தாவதோ, மகள் கடைக்குப் போயிருந்த நேரம். அக்கா என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“ஒரு பேப்பர் வந்துச்சு தம்பி. மருமவன் படிச்சுக் காட்டினாரு. நான் தேஞ்ச செருப்பு போட்டுகினு வந்தனாம்.”

நான் குனிந்துகொண்டேன்.

“உன் கையெழுத்து கீதாமே?”

“கீதுக்கா.”

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. கல் காயவில்லை, பிளாஸ்டிக்கில் தண்ணீர் இருந்தது, நான்தான் துடைத்தேன், தூளையும் கலக்கவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்று நினைக்கிறேன். அக்கா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தேன்,” என்றார். “நான் புல்லாண்டதான் நின்னுகினு இருந்தேன். நீ பேண்டுல தொடச்சத பாத்தேன்.”

“அப்பவே ஏன்க்கா சொல்லல?”

“யாராண்ட சொல்றது? உன்னாண்டதான் சொல்லணும். உன்னாண்ட ஏற்கெனவே சொல்லிட்டனே.”

வெளியே மீன்காரரின் ஹாரன் கேட்டது, போய்விட்டது. அக்கா தன் கையைத் தூக்கிப் போர்வையின் மேல் வைத்தார். அதற்கே மூச்சு வாங்கியது.

“இடுப்பு போனது போச்சு. அந்தச் செருப்ப மட்டும் மாத்து. மழன்னா நான் செருப்பு போட மாட்டேன்னு உனக்குத் தெரியும். இருவத்தஞ்சு வருசமா வெளிவேல செய்யறேன். நடக்கத் தெரியாத பொம்பளன்னு எழுதி வெச்சிக்கிறாங்க.”

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கடைசி வரைக்கும் கேட்டாள். சட்டை போனால் போகட்டும் என்றாள். பிறகு, இத்தனை நாள் என்னிடமும் மறைத்தாயே என்று கேட்டாள். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

மேனேஜரிடம் போய் என் கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அறிக்கை மேலே போய்விட்டது, இனி யாரும் எதையும் எடுக்க முடியாது என்றார். அவருடைய குரலில் கோபம் இல்லை. களைத்திருந்தார். மாற்றிச் சொல்லப்போனால் உங்களுக்கு இங்கே வேலை இருக்காது, அது என் கையில் இல்லை என்றார்.

மகளிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. வீட்டு வாசலில் நின்று சொன்னேன். அவள் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிழிந்து கொடியில் போட்டாள். முடித்ததும், செங்கல்பட்டில் தொழிலாளர் ஆபீசில் எழுதித் தர வருவாயா என்று மட்டும் கேட்டாள். வருகிறேன் என்றேன்.

அடுத்த வாரம் பஸ்ஸில் போனோம். அவள் பெண்கள் சீட்டில் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால். திருக்கழுக்குன்றம் தாண்டி ஏரியெல்லாம் நிரம்பி ரோட்டோரம் வரை தண்ணீர் நின்றது. வழி முழுக்க அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆபீசில் இருந்த அதிகாரி, வயதானவர், என்னை எதிரே உட்காரவைத்து, நான் எழுதப்போவது எனக்கே பாதகமாக வரலாம், புரிகிறதா என்று இரண்டு தடவை கேட்டார். புரிகிறது என்றேன். வெள்ளைத் தாள் கொடுத்தார். தமிழில் எழுதினேன். கல் காயவில்லை என்று எனக்குத் தெரியும் என்பதை முதல் வரியாக எழுதினேன். அக்கா வெறுங்காலோடு இருந்தார் என்பதை அடுத்ததாக எழுதினேன். நான்கு பக்கம் வந்தது. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வரும்போது நகல் என்னிடம் இருந்தது. புதுப்பட்டினத்தில் இறங்கி நேராக வீட்டுக்குப் போய் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நிறுத்தினேன். செருப்பைப் பற்றி எழுதின இடத்தை இன்னொரு தரம் படி என்றார். படித்தேன்.

“சரி,” என்றார். “தண்ணி குடு.”

எழுந்து தண்ணீர் கொடுத்தேன். பாதி தலையணையில் வழிந்தது. என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அவர் அப்படி ஒன்றும் சொல்லவும் இல்லை.

அந்த வார முடிவிலேயே என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். போவதற்கு முன்னால் குளக்கரையில் இருந்த படலத்தை உரித்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டேன். அதற்கு வெளியே ஆள் சொல்லியாகிவிட்டது என்றார்கள். சட்டைகளை மடித்து ரிசப்ஷனில் கொடுத்தேன். அந்த இடத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. மழை முடிந்து அந்தக் கற்களையே பெயர்த்துப் போட்டுவிட்டு வேறு சொரசொரப்பான கல் பாவியிருப்பதாகப் பிளம்பர் சொன்னார்.

தை பிறந்து ஒரு வாரத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. படுத்தே கிடந்ததில் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார். எங்கள் ஊருக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். காலனி ஆட்கள் பாடையைத் தூக்கினார்கள். எங்கள் பக்கத்து முறைப்படி நானும் ஒரு தோள் கொடுக்க வேண்டியவன். பக்கத்தில் போனபோது மகள் என் முன்னால் வந்து நின்றாள்.

“நீ தூக்காத,” என்றாள். அவ்வளவுதான். சத்தமாகக் கூடச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

நான் விலகினேன். கூட்டத்துக்குப் பின்னால் நடந்தேன். மண் போடும்போது மட்டும் கடைசி ஆளாகப் போய் ஒரு கைப்பிடி போட்டேன். அவள் அப்போது திரும்பி நின்றிருந்தாள். பார்க்காமல் இருக்க வேண்டும் என்றே திரும்பினாளா, தெரியாது.

தொழிலாளர் ஆபீசில் விசாரணைக்கு என்னை இரண்டு முறை கூப்பிட்டார்கள். மேனேஜரும் வந்திருந்தார். அவரும் அந்த வேலையில் இல்லை என்று தெரிந்தது. நான் எழுதிக் கொடுத்ததை அவர் மறுக்கவில்லை. வராந்தாவில் என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு நொடி நின்றார். “அந்தத் தாளைத் துடைச்சீங்கன்னு எனக்குத் தெரியாது,” என்றார். உண்மைதான். அவருக்குத் தெரியாது.

உத்தரவு அடுத்த ஆடியில் வந்தது. அப்போது நான் கடப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். தினக்கூலி வேலை. போன் அடித்தது. மகள். அடக்கத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டது அன்றுதான். ஏணியிலிருந்து இறங்கி மரத்தடிக்குப் போனேன்.

“பேப்பர் வந்துச்சு,” என்றாள். “செருப்புன்னு போட்டத எடுத்துட்டாங்க. தரைதான் காரணம்னு கீது.”

“சரிம்மா.”

“அம்மா வயச தப்பா போட்டு வெச்சிகிறாங்க. அறுவத்தி ஒண்ணுன்னு. மத்தது சரியா கீது.”

வயதைத் திருத்த மனு கொடுக்கலாம், நான் வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம், அதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மேஸ்திரி கூப்பிட்டார். உச்சி வெயிலுக்குள் மேற்குச் சுவரை முடிக்க வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏணியில் ஏறினேன்.